அளந்த அளவுக்குப் பேசியவர்

மழை வருமா என்று அவரிடம் கேட்கக் கூடாது. கேட்டால் ஆசிரியர் அறை யன்னலடிக்கு எழுந்து போய், வெளியே எட்டிப் பார்த்துவிட்டு வந்து, "இப்ப இல்லை" என்பார். குடையை எடுப்பதா விடுவதா என்று தெரியாமல் கேட்டவர் அப்படியே நிற்பார். அதற்கு மேல் ஒரு சொல் வராது.

எங்கள் பள்ளிக்கூடத்தின் விளையாட்டு ரீச்சர் அவர். கிளிநொச்சியிலிருந்து உருத்திரபுரம் போகிற வழியில், இரண்டு பக்கமும் வயல் கிடக்கிற இடத்தில் அந்தப் பள்ளிக்கூடம். நான் அங்கே கணிதம் படிப்பித்தேன். ஆசிரியர் அறையில் எங்கள் இருவரின் கதிரைகளும் ஆறு வருடம் பக்கத்துப் பக்கத்தில் கிடந்தன. நெடிய, மெலிந்த பெண். சேலைக்குக் கீழே வெள்ளைச் சப்பாத்து. கழுத்தில் தொங்கும் விசிலைச் சாப்பிடும்போதும் கழற்ற மாட்டார். சோற்றில் படாமல் தோளுக்குப் பின்னால் தள்ளிவிட்டுச் சாப்பிடுவார்.

ஒருமுறை வீட்டில் போட்ட தேசிக்காய் ஊறுகாய் கொண்டுபோயிருந்தேன். எல்லோரும் ஆகா ஓகோ என்றார்கள். இவர் மட்டும் பேசாமல் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். "எப்பிடி ரீச்சர்?" என்று நானே வாய்விட்டுக் கேட்டேன்.

"ரெண்டு கரண்டிதான் சாப்பிட்டனான். அந்த ரெண்டும் நல்லம்."

எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. ஒரு மாதம் அவருக்கு ஊறுகாய் கொடுக்கவில்லை. அதை அவர் கவனித்ததாகவும் தெரியவில்லை.

கண்டதைச் சொல்லுவார், அளந்ததைச் சொல்லுவார், அதோடு நிறுத்திவிடுவார். பள்ளிக்கூடத்தை விட்டுப் போகிற பிள்ளைகளுக்கு நற்சான்றிதழ் எழுதும்போது நாங்கள் எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டு 'ஒழுக்கமும் நேர்மையும் மிக்கவர்' என்று எழுதித் தள்ளுவோம். இவர் ஒரு பிள்ளைக்கு, 'மூன்று வருடம் வலைப்பந்து அணியில் விளையாடினார். பயிற்சிக்கு ஒருநாளும் பிந்தி வரவில்லை' என்று மட்டும் எழுதிக் கொடுத்தார். அதிபர் கூப்பிட்டுக் கேட்டார்.

"நேர்மை எண்டு ஒரு சொல் போட்டா என்ன ரீச்சர் குறைஞ்சு போவியள்?"

"நான் அதைப் பாக்கேல்லை, சேர். பிந்தி வராததைத்தான் பாத்தனான்."

அதிபர் தன் கையாலேயே நேர்மையைச் சேர்த்துக் கையெழுத்து வைத்தார். வெளியே வந்து, "இந்த மனிசியோடை மாரடிக்கேலாது" என்று எனக்குச் சொன்னார். நானும் தலையாட்டினேன்.

ஆனால் எங்கள் வாயிற்காவலர் இறந்துபோனபோது நான் வேறொன்றைப் பார்த்தேன். செத்த வீட்டில் நாங்கள் வரிசையாகப் போய், "தங்கமான மனிசன்" என்று அவருடைய மனைவியிடம் சொல்லிக்கொண்டிருந்தோம். அந்த அம்மா எல்லாவற்றுக்கும் தலையை அசைத்துக்கொண்டிருந்தார். இவர் முறை வந்தது. "நாலு வருசமாக் காலமை எனக்கு கேற் திறந்துவிட்டவர். ஒருநாளும் முகத்தைச் சுழிக்கேல்லை" என்றார். அந்த அம்மா இவருடைய கையைப் பிடித்துக்கொண்டு அழத் தொடங்கிவிட்டார். வெகுநேரம் விடவில்லை. எனக்கு அன்றைக்கு வெட்கமாக இருந்தது.

தன்னைப் பற்றி அவர் கதைப்பதே இல்லை. இளவயதில் ஓட்டக்காரியாக இருந்தவர் என்று யாரோ சொல்லிக் கேள்விப்பட்டுக் கேட்டேன். "ஓடினனான். அந்தக் காலம் எல்லாரும்தானே ஓடினது" என்றார். சண்டைக் காலத்தில் நானும் அப்படி ஓடியவள்தான். அந்தக் கதையை அதோடு விட்டுவிட்டேன்.

இனி லக்சிகாவின் விடயத்துக்கு வருகிறேன். அதைச் சொல்ல வேண்டுமானால் எங்கள் பக்கத்து விளையாட்டுப் போட்டிகளின் வழக்கத்தை முதலில் சொல்ல வேண்டும். அழைப்பிதழில் காலை எட்டு மணி என்று இருக்கும். பிரதம விருந்தினர் பத்து மணிக்கு வருவார். பாண்ட் வாத்தியம், மாலை, கொடியேற்றம், மங்கள விளக்கு, வரவேற்புரை, ஆசியுரை, அதன் பிறகு பிரதம விருந்தினர் உரை. அவ்வளவும் முடியும்வரை போட்டியாளர்கள் காத்திருக்க வேண்டும். ஆண் பிள்ளைகள் பந்தலுக்குப் பின்பக்கம் போய் ஓடுவார்கள், துள்ளுவார்கள், ஒருவரும் கேட்பதில்லை. பெண் பிள்ளைகள் அப்படிச் செய்தால் நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள், மேடையிலிருந்து ஒருவர் இறங்கி வருவார். அதனால் எல்லாப் பள்ளிக்கூட ரீச்சர்மாரும் ஒரே வழியைத்தான் கைக்கொண்டார்கள். பெண் பிள்ளைகளை மர நிழலில் வரிசையாக இருத்தி, காலை நீட்டச் சொல்லி, மூக்கு முழங்காலில் முட்டக் குனிய வைப்பது. நாற்பது எண்ணும்வரை அசையக் கூடாது. பிறகு மற்றக் கால். சத்தமில்லை, ஆட்டமில்லை. பார்க்கவும் அழகாக இருக்கும். மேடையிலிருந்து ஒழுக்கம் என்று புகழவும் செய்வார்கள். அதுதான் எங்கள் பெண் பிள்ளைகளுக்கு வோம் அப், போட்டிக்கு முன் உடம்பைச் சூடாக்குகிற பயிற்சி. இவரும் பதினைந்து வருடமாக அதையே செய்வித்தார்.

லக்சிகா நீளம் பாய்கிறவள். உருத்திரபுரத்துப் பிள்ளை. எங்கள் பள்ளிக்கூடத்திலிருந்து மாகாண மட்டத்துக்கு அந்த வருடம் போனவள் அவள் ஒருத்திதான். பெண் பிள்ளையோடு இரண்டு ஆசிரியைகள் போக வேண்டும் என்பதால் நானும் போனேன். அன்றைக்குப் பிரதம விருந்தினர் நன்றாகவே பேசினார், நாற்பது நிமிடம். லக்சிகா நாற்பது நிமிடமும் நிலத்தில் இருந்து காலை நீட்டிக் குனிந்துகொண்டிருந்தாள். பேச்சு முடிந்த கையோடு அவளுடைய போட்டியைக் கூப்பிட்டார்கள். முதல் இரண்டு பேர் தேசிய மட்டத்துக்குப் போவார்கள். அவள் மூன்றாவதாக வந்தாள். இரண்டாவது பிள்ளைக்கும் இவளுக்கும் மூன்று விரல் வித்தியாசம். எங்கள் மைதானத்தில் அவள் அதைவிடத் தூரம் எத்தனையோ நாள் பாய்ந்திருக்கிறாள்.

அவளுடைய தகப்பனின் வயலுக்கு அன்றைக்கு இரணைமடுக் குளத்துத் தண்ணீர் வருகிற முறை. அவர் அதைத் தம்பியிடம் ஒப்படைத்துவிட்டு இரண்டு பஸ் மாறி வந்திருந்தார். மகள் மணலிலிருந்து எழும்பி வரும்போது, "நடுங்கிப் போனாள். எனக்கு அப்பவே தெரியும்" என்றார். பொல்லாத மனிதர் இல்லை. ஏமாற்றத்தில் வந்த சொல். ஆனால் ஊருக்கு வந்த பிறகும் கேட்டவர்களுக்கெல்லாம் அதையே சொன்னார். லக்சிகா அதற்குப் பிறகு மைதானத்துக்கு வரவில்லை.

ஒன்றரை வருடம் கழித்து, விளையாட்டு ஆசிரியர்களுக்கு ஒருநாள் கருத்தரங்கு வைத்தார்கள். போய் வந்தவர் மறுநாள் என் பக்கத்தில் இருந்து சொன்னார்.

"ஒரு பெடியன் வந்து கதைச்சவர், ரீச்சர். பாயிறதுக்கு முன்னாலை காலை நெடுநேரம் இழுத்துப் பிடிச்சு வைச்சிருந்தா அந்த நேரத்துக்குக் காலின்ரை விசை குறையுமாம். சட்டெண்டு திரும்பி ஓடுறதும் மந்தமாகுமாம். மெல்ல ஓடி, காலை வீசி, துள்ளித்தான் உடம்பைச் சூடாக்கோணுமாம்."

"அப்ப இனி அப்பிடிச் செய்யிறதுதானே."

"அவர் சொன்னவர். நான் பாக்கேல்லை."

அடுத்த திங்கட்கிழமை ஆய்வுகூடத்தின் பின்சுவருக்குப் பன்னிரண்டு பெண் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போனார். விரல் நுனியில் சோக்குத் தூளைத் தடவி, சுவரோடு நின்று துள்ளி, எட்டுகிற உயரத்தில் தொட வேண்டும். வெள்ளை அடையாளம் விழும். அதை அவர் அடிமட்டத்தால் அளந்து கொப்பியில் எழுதுவார். பிறகு மண் நிரப்பிய போத்தல்களை வைத்து, அவற்றைச் சுற்றி வளைந்து வளைந்து ஓட வைத்து நேரம் பார்ப்பார். ஒருநாள் காலை நீட்டி இருந்து எழும்பிய பிறகு, இன்னொரு நாள் ஓடித் துள்ளிய பிறகு.

நான் இந்த இடத்தில் கணித ரீச்சர் வேலையைக் காட்டினேன். "எல்லாரும் முதல்நாள் ஒரு விதம், அடுத்தநாள் மற்ற விதம் எண்டா சரிவராது. ரெண்டாம் நாள் பழகிப் போடுவினம். பாதிப் பேரை மாத்தி விடுங்கோ" என்றேன். அவர் என்னைப் பார்த்த பார்வையில், ஊறுகாய்க்குக் கிடைக்காத பாராட்டு இருந்தது. மறுவாரமே முழுவதையும் முதலிலிருந்து தொடங்கினார்.

மூன்று வாரம். அதிபர் சுவரைப் பார்த்துத் தலையில் கை வைத்தார். "என்ன ரீச்சர், சுவரெல்லாம் பேய் தடவின மாதிரிக் கிடக்கு?"

"வெள்ளிக்கிழமை கழுவிப்போடுவன், சேர்."

வெள்ளிக்கிழமை சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அவரே கழுவினார். கொப்பியை என்னிடம் தந்து கணக்குப் பார்க்கச் சொன்னார். அநேகம் பேர் ஓடித் துள்ளிய நாளில் ஒரு விரலோ இரண்டு விரலோ கூடுதலாகத் தொட்டிருந்தார்கள். போத்தல்களைச் சுற்றி ஓடியதும் விரைவு. இரண்டு மூன்று பேருக்கு ஒரு வித்தியாசமும் இல்லை. ஒருத்திக்கு எல்லாமே மறுவளமாக, காலை நீட்டி இருந்த நாளில்தான் கூடுதலாக இருந்தது. அவளை விட்டுவிட்டுப் பார்த்தால் என்ன என்று கேட்டேன். அவருக்குக் கோபம் வந்து அன்றைக்குத்தான் பார்த்தேன்.

"அவளும் துள்ளினவள்தானே."

"சரி ரீச்சர். அப்ப அந்தப் பெடியன் சொன்னது உண்மைதானே?"

"எங்கடை பன்னிரண்டு பிள்ளையளுக்கு, எங்கடை சுவரிலை, உண்மை."

அதற்கடுத்த போட்டியில் அவர் செய்த கூத்தை இன்றைக்கும் நினைத்துச் சிரிப்பேன். மேடையில் பிரதம விருந்தினர் பேசிக்கொண்டிருக்க, எங்கள் பெண் பிள்ளைகள் தண்ணீர் பவுசர் வண்டிக்குப் பக்கத்தில் முழங்காலை உயர்த்தி ஓடிக்கொண்டும் துள்ளிக்கொண்டும் நின்றார்கள். ஒழுங்கமைப்பாளர் ஒருவர் மூச்சிரைக்க ஓடிவந்தார்.

"பெரியவர் கதைச்சுக்கொண்டிருக்கிறார். உங்கடை பிள்ளையள் தவளை மாதிரித் துள்ளிக்கொண்டு நிக்கினம். பொம்பிளைப் பிள்ளையளெல்லோ!"

"அவர் எத்தினை மணிக்கு முடிப்பார், சேர்?"

"அதெப்பிடி நான் சொல்லுறது?"

"அப்ப நானும் எப்ப நிப்பாட்டுறதெண்டு சொல்லேலாது."

அவர் திட்டிக்கொண்டே போய்விட்டார். பிள்ளைகள் சிரிப்பை அடக்க முடியாமல் துள்ளினார்கள்.

அந்த நாட்களில்தான், படிப்பை முடித்துப் போயிருந்த லக்சிகா பள்ளிக்கூடத்துக்கு வந்தாள், விளையாட்டுச் சான்றிதழ்களின் பிரதி வாங்க. வவுனியாவில் பயிற்றுநர்களுக்கான ஒரு வருடப் பயிற்சிக்கு விண்ணப்பித்து, இடமும் கிடைத்திருந்தது. அங்கேயே தங்கிப் படிக்க வேண்டும். தகப்பன் விடமாட்டேன் என்று நின்றார்.

"'ஒரு பாய்ச்சலுக்கே நடுங்கினனி, அங்கை ஆயிரம் பேருக்கு முன்னாலை நிண்டு என்ன செய்யப்போறாய்' எண்டு கேக்கிறார், மிஸ்" என்று என்னிடம் சொன்னாள். "மாசக் கடைசிக்குள்ளை போய்ச் சேரோணும். இல்லாட்டி இடம் போயிடும்."

விளையாட்டு ரீச்சர் பக்கத்தில் இருந்து பிரதிகளுக்குக் கையெழுத்து வைத்துக்கொண்டிருந்தார். அவள் போன பிறகும் வெகுநேரம் பேனையை மூடாமல் இருந்தார்.

"சனிக்கிழமை உங்கடை ஸ்கூட்டியிலை என்னை ஒருக்கா லக்சிகா வீட்டை கூட்டிக்கொண்டு போவியளோ?" என்று பிறகு கேட்டார். "அண்டைக்கு நான் அவளை நாப்பது நிமிசம் நிலத்திலை இருத்தி வைச்சனான். அதைச் சொல்லோணும்."

எனக்கு அது நல்லதாகப் படவில்லை. "உங்கடை கணக்கு பன்னிரண்டு பிள்ளையள். அவள் அதிலை இல்லை. அண்டைக்குக் காத்து எப்பிடி, மணல் எப்பிடி, அவள் பயந்தவளோ இல்லையோ, ஒண்டும் எங்களுக்குத் தெரியாது" என்றேன்.

"அப்பிடியேதான் சொல்லப்போறன். இதாலையும் இருக்கலாம் எண்டு."

"இருக்கலாம் எண்டதை வைச்சுக்கொண்டு அந்தப் பிள்ளை என்ன செய்யும்?"

"தெரியாது" என்றார்.

சனிக்கிழமை போனோம். வீட்டுக்கு முன்னால் தார் வீதியின் ஓரமாக நெல் காயப் போட்டிருந்தார்கள். தகப்பன் வெறுங்காலால் நெல்லைத் துழாவிக்கொண்டு நடந்தார். எங்களைக் கண்டதும், "வாங்கோ ரீச்சர், உள்ளை போய் இருங்கோ, வாறன்" என்றார். லக்சிகா கதிரைகளைத் துடைத்துப் போட்டு, தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தாள்.

ரீச்சர் தேத்தண்ணியைத் தொடாமல் சொல்லத் தொடங்கினார். சுவர், சோக்கு, போத்தல், பன்னிரண்டு பிள்ளைகள், மறுவளமாக வந்த ஒருத்தி, எல்லாவற்றையும் சொன்னார். "அண்டைக்கு நீ குறையப் பாய்ஞ்சதுக்கு நான் இருத்தி வைச்சதும் ஒரு காரணமா இருக்கலாம்" என்று முடித்தார்.

லக்சிகா நின்றபடியே கேட்டுக்கொண்டிருந்தாள். "அப்ப நான் பயந்ததாலை இல்லையோ, ரீச்சர்?"

"அது எனக்குத் தெரியாது. நீ பயந்தனியோ?"

"எனக்கும் தெரியேல்லை. எல்லாரும் சொல்லச் சொல்ல, பயந்துதான் போனன் போலை எண்டு நினைச்சுக்கொண்டிருக்கிறன்." முகத்தைத் திருப்பி வாசல் பக்கம் பார்த்து, "அப்பா, இஞ்சை ஒருக்கா வாங்கோ" என்று கூப்பிட்டாள். "இதை அவருக்கும் சொல்லுங்கோ, ரீச்சர்."

தகப்பன் காலில் ஒட்டிய நெல்லைத் தட்டிவிட்டு உள்ளே வந்தார். ரீச்சர் திரும்பவும் சுவரிலிருந்து தொடங்கினார். அந்த மனிதர் குறுக்கே பேசாமல் கேட்டார். கடைசியில் அந்த 'இருக்கலாம்' வந்தபோது பிடித்துக்கொண்டார்.

"இருக்கலாம் எண்டா, இல்லாமலும் இருக்கலாம். என்ன ரீச்சர்?"

ரீச்சர் தலையசைத்தார்.

"நீங்கள் சுவரிலை பாத்தனீங்கள். நான் இவளைக் கண்ணாலை பாத்தனான். இவள் நடுங்கினவள்."

அது ரீச்சரின் பேச்சேதான். கண்டதை மட்டும் சொல்கிற பேச்சு. "ஓம் அண்ணை, அதுவும் இருக்கலாம்" என்று சொல்லிவிட்டு எழும்பப்போகிறார் என்று நினைத்து, ஸ்கூட்டியைக் கிளப்பத் திறப்பைக்கூடக் கையில் எடுத்துவிட்டேன். லக்சிகா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ரீச்சர் அவளைப் பார்த்தார்.

"அவள் நடுங்கேல்லை, அண்ணை" என்றார். "அது முழுக்க என்ரை பிழை. நான்தான் பிள்ளையின்ரை காலைக் கெடுத்தனான். வேறை ஒரு காரணமும் இல்லை."

அத்தனை வருடத்தில் அவர் வாயிலிருந்து அப்படி ஒரு பேச்சை நான் கேட்டதில்லை. நான் அவரைத் திரும்பிப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை.

தகப்பனின் முகம் கொஞ்சம் கொஞ்சமாக மாறியது. "அப்ப, என்ரை பிள்ளை தேசிய மட்டத்துக்குப் போயிருப்பாளோ?"

"போயிருப்பாள்."

அதற்குப் பிறகு அந்த மனிதர் பேசியதைச் சொல்லத் தேவையில்லை. உங்களை நம்பித்தானே பிள்ளையை விட்டேன் என்றார். படிக்காத நான் ஏமாந்தேன், படித்த நீங்கள் எப்படி என்றார். சம்பளம் எதற்கு வாங்குகிறீர்கள் என்றும் கேட்டார். ரீச்சர் கையைக் கட்டிக்கொண்டு இருந்து முழுவதையும் கேட்டார். பிறகு ஆறிப்போயிருந்த தேத்தண்ணியைக் குடித்துவிட்டு எழுந்தார்.

வாய்க்கால் கரையில் ஸ்கூட்டியை நிறுத்தினேன். "வேறை காரணம் இல்லை எண்டு உங்களுக்கு எப்பிடித் தெரியும், ரீச்சர்?"

"தெரியாது" என்றார். "எடுங்கோ, வெயில் ஏறுது."

லக்சிகா அந்த மாதக் கடைசியில் வவுனியாவுக்குப் போனாள். தகப்பனே பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏற்றிவிட்டார். சந்தையில், பஸ் நிலையத்தில், கோயிலில், பழைய கதையை மாற்றிப் புதிய கதையைச் சொன்னார். "என்ரை பிள்ளை நடுங்கினவளோ? ஆர் சொன்னது? அந்த ரீச்சர்தான் கெடுத்தவா." கதை பள்ளிக்கூடத்துக்கும் வந்தது. சில பெற்றோர் அதிபரிடம் போனார்கள். அதிபர் எல்லோருக்கும் முன்னால், உண்மையா என்று கேட்டார். இவர் ஓம் என்றார். நான் கொப்பியைக் காட்டி எழும்பிப் பேசியிருக்கலாம். பேசினால் அந்த 'இருக்கலாம்' திரும்பி வந்துவிடும், அது வவுனியா வரைக்கும் போகும் என்று பேசாமல் இருந்தேன். அடுத்த வருடம் அணிப் பொறுப்பு வேறொருவரிடம் போனது. அதற்கடுத்த வருடம் அவர் மாற்றலாகித் துணுக்காய்ப் பக்கம் போய்விட்டார். போகிற அன்றும் கதிரையைத் துடைத்து வைத்துவிட்டு, "ஆறு வருசம் பக்கத்திலை இருந்தனீங்கள். நான் கேட்ட கணக்கெல்லாம் செய்து தந்தனீங்கள்" என்று மட்டும் சொன்னார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

லக்சிகா இப்போது பயிற்றுநர். அவளிடம் முப்பது பெண் பிள்ளைகள் பழகுகிறார்கள். ஆரம்பத்தில் ஒருவரையும் நிலத்தில் இருத்துவதில்லையாம், ஓடித் துள்ளித்தான் தொடக்கம். போன மாதம் தொலைபேசியில் கதைத்தாள். பிள்ளைகளின் கதை, தகப்பனின் முழங்கால் வருத்தம், எல்லாம் சொன்னாள். விளையாட்டு ரீச்சரின் பேச்சு வந்ததும் குரல் மாறியது.

"அவாவிலை எனக்கு இப்பவும் கோவம்தான், மிஸ். மறைக்காமல் வந்து சொன்னவா, அது வேறை. ஆனா நான் நல்லாத்தானே நிண்டனான் அண்டைக்கு? எனக்குப் பயமே இருக்கேல்லை. அவா மட்டும் என்னை எழும்பித் துள்ள விட்டிருந்தா நான் தேசிய மட்டத்துக்குப் போயிருப்பன். என்ன, மிஸ்?"

"ஓம் பிள்ளை" என்றேன். "போயிருப்பாய்."